மொறிஸ் மைனரா, கேஈ70 கொரோலாவா? ஓட்டம், வளைவு, பிறேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் தேடுகிற பலர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, 1956இலிருந்து 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000. மற்றது, 1979இல் வந்த கேஈ70 ரொயோட்டா கொரோலா. கொரோலா என்று இங்கே சொல்வது 4கே எஞ்சினும் பின்னால் கொயில் ஸ்பிறிங்கும் உள்ள செடானை. பின்னால் பட்டை ஸ்பிறிங் போட்டு வந்த வான் வகைகளின் குணம் வேறு. வாங்க நினைப்பவர்களும் ஏற்கெனவே வைத்து மல்லுக்கட்டுபவர்களும் கேட்கும் கேள்விகள் கீழே உள்ளன.

இரண்டிலும் எஞ்சின் முன்னால், இழுவை பின்சில்லில். பிறகு என்ன பெரிய வித்தியாசம்?

எலும்புக்கூடு ஒன்றுதான். பின் அச்சும் இரண்டிலும் ஒரே துண்டு. வித்தியாசம் நான்கு இடங்களில் இருக்கிறது: எஞ்சின் எந்தச் சுற்றில் இழுக்கிறது, ஸ்ரியறிங் எப்படிச் சில்லைத் திருப்புகிறது, பின் அச்சை எது பிடித்து வைத்திருக்கிறது, எதை வைத்து நிறுத்துகிறீர்கள். இவற்றில் பிறேக் ஒன்றில்தான் இருபது வருட இடைவெளி அப்படியே தெரியும். ஸ்ரியறிங்கில் பழையதுதான் மேல். இதை முதல் தடவை கேட்பவர்கள் நம்புவதில்லை.

எது வேகமாக ஓடும்?

கொரோலாதான், சந்தேகமே இல்லை. மைனர் 1000 முதலில் 948 சிசி எஞ்சினோடு வந்தது, 37 குதிரைவலு. 1962இல் 1098 சிசியாகி 48 குதிரைவலு ஆனது. வண்டியின் நிறை ஏறக்குறைய 760 கிலோ. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை, அதாவது 96 கிலோமீற்றரை எட்ட 1098 எஞ்சினுக்கே 20 செக்கனுக்கு மேல் வேண்டும். 948க்கு 30 செக்கன் வரை போகும். 4கே எஞ்சின் 1290 சிசி, 60 குதிரைவலுவைச் சுற்றி வரும். வண்டி நூறு கிலோ கூட இருந்தாலும் மைனரை நன்றாக முந்திவிடும்.

ஆனால் இந்த எண்கள் ஓட்டும்போது தெரியும் உணர்வைச் சொல்லாது. 1098 எஞ்சினின் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். கியரும் தாழ்வு. அதனால் திருநெல்வேலிச் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது மைனர் கொரோலாவைவிடச் சுறுசுறுப்பாகத் தெரியும். 4கே 3,000 சுற்றுக்கு மேல்தான் உண்மையில் விழிக்கும்.

ஏ9இல் கொழும்புக்குப் போனால்?

அங்கேதான் மைனர் பல்லிளிக்கும். நான்காம் கியரில் 70 கிலோமீற்றர் வேகத்தில் 948 எஞ்சின் ஏறக்குறைய 2,850 சுற்று ஓடும், 1098 எஞ்சின் 2,650. அதுவரை இரண்டுக்கும் சுகம். 80க்கு மேல் சத்தம் கூடும். லொறியை முந்த நினைத்தால் மிதித்த பிறகு எதுவும் பெரிதாக நடக்காது. மைனரில் முந்துவது என்றால் முன்னால் அரைக் கிலோமீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். கிளிநொச்சி தாண்டி முறிகண்டி வரையும் அதற்கு அப்பாலும் நேர் வீதி நிறைய உண்டு, பொறுமைதான் தேவை. கொரோலாவில் மூன்றாம் கியருக்கு இறக்கி மிதித்தால் வேலை முடிந்தது. ஐந்து கியர் பெட்டி உள்ள வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மாதம் ஒருமுறை போகிறவருக்கு மைனரைச் சிபாரிசு செய்யமாட்டோம். குடாநாட்டுக்குள் ஓடுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

மைனரின் ஸ்ரியறிங் ஏன் அவ்வளவு நேர்த்தி?

1948இல் வெளிவந்த மைனரை வடிவமைத்தபோதே அலெக் இசிகோனிஸ் ரக் அன்ட் பினியன் ஸ்ரியறிங் போட்டார். ஸ்ரியறிங் தண்டின் முனையில் ஒரு பல்லுச் சக்கரம், அது நேரடியாகப் பல்லுச் சட்டத்தைத் தள்ளும், சட்டத்தின் இரண்டு முனையும் சில்லுகளுக்குப் போகும். இடையில் மூட்டுகள் குறைவு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் கூட. கதியால் வேலிக்கு நடுவில் ஒழுங்கையில் திருப்பும்போது சில்லு எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும். வண்டியின் அகலமும் 1.55 மீற்றர்தான்.

பழைய கேஈ70களில் இருப்பது குண்டு உருளும் ஸ்ரியறிங் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு கை, அதிலிருந்து நடுத்தண்டு, மறுபக்கம் அந்த நடுத்தண்டைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் என்ற கை, பிறகு இரண்டு தண்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் எல்லாம் சேர்ந்து ஸ்ரியறிங்கில் வெற்றாட்டமாக வரும். நாற்பது வருடம் ஓடிய வண்டியில் அது கட்டாயம் இருக்கும்.

எனது கேஈ70இல் ஸ்ரியறிங் நேரே போகும்போது ஆடுகிறது. பெட்டியை இறுக்கினால் சரிவருமா?

பெட்டியைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் சில்லுகளை நேரே வைத்து, எஞ்சினை நிறுத்தி, ஸ்ரியறிங் வளையத்தை இரண்டு விரலால் இடவலமாக ஆட்டுங்கள். முன்சில்லு அசையத் தொடங்கும்வரை வளையத்தின் ஓரம் எவ்வளவு நகர்கிறது என்று அடிமட்டத்தால் அளக்கவும். 30 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் வேலை இருக்கிறது.

ஒருவர் உள்ளே இருந்து ஆட்ட, மற்றவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ஐட்லர் ஆர்மின் தலையை விரலால் பிடித்தால் மேலும் கீழும் துள்ளுவது தெரியும். பெரும்பாலும் குற்றவாளி அதுதான், அதன் புஷ் மலிவு. அடுத்து தண்டு முனைகள். இவை எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஆட்டம் இருந்தால்தான் பெட்டி. பெட்டியின் மேல் பூட்டு நட் போட்ட ஒரு ஸ்குறூ இருக்கும். நட்டைத் தளர்த்தி, ஸ்குறூவை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, நட்டைப் பூட்டி, ஓட்டிப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்ரியறிங் தானாகத் திரும்பி வராவிட்டால் கூடிவிட்டது, உடனே பின்னுக்கு எடுங்கள்.

ஆட்டம் முழுவதும் போகும்வரை இறுக்கிக் கொடுக்கும் கராஜ்கள் இருக்கின்றன. பெட்டி நடுவில்தான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். நடுவைக் கணக்கில் வைத்து இறுக்கினால் கரையில் இறுகிப் பிடித்து உள்ளே பல்லைத் தின்றுவிடும். பெட்டிக்குள் கியர் ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மைனரின் முன்சில்லு ஒருநாள் மடிந்து விழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கிறீஸ் காணாத வண்டியில் நடக்கும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

மைனரின் முன்சில்லைத் தாங்குவது நிமிர்ந்து நிற்கும் ஓர் உருக்குக் கால். அதன் மேல் நுனியும் கீழ் நுனியும் புரி வெட்டியவை. ஒவ்வொரு நுனியிலும் ட்றனியன் என்ற தலை, போல்ற்றில் நட் ஏறுவதுபோல, புரியில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்ரியறிங் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கால் அந்தப் புரிக்குள் சுழல்கிறது. வண்டியின் பாரமும் அந்தப் புரியில்தான். கிறீஸ் காய்ந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசி உள்ளே போனால் அரப்பொடி போட்டது மாதிரி. புரி மழுங்கி முடிந்த நாளில் கீழ்த்தலை காலைவிட்டுக் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடியும். நல்லகாலம், அனேகமாக மெதுவாக ஸ்ரியறிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் இது நடக்கிறது. வேகத்தில் நடந்தால் சொல்ல ஆள் இருக்காது.

பார்ப்பது இப்படி. ஜக்கை உடம்புக்குக் கீழ் வைத்துத் தூக்கி, ஸ்ராண்ட் கொடுத்து, சில்லைத் தொங்க விடுங்கள். ஒருவர் பிறேக்கை மிதித்துப் பிடிக்க, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். பிறேக் மிதித்திருப்பதால் பெயாரிங் ஆட்டம் மறைந்துவிடும், மிஞ்சுவது ட்றனியன் அல்லது புஷ்ஷின் ஆட்டம். பிறகு ஓர் அலவாங்கை ரயருக்குக் கீழே கொடுத்து மேலே நெம்புங்கள். கீழ்த்தலைக்கும் காலுக்கும் இடையில் மேலும் கீழுமான அசைவு கண்ணுக்குத் தெரிந்தால், அந்த வண்டியை அன்றைக்கு வீதியில் எடுக்காதீர்கள்.

பராமரிப்பு சுலபம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கிறீஸ் நிப்பிள். சில்லு தொங்கும் நிலையில்தான் கிறீஸ் அடிக்க வேண்டும். நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை அடித்து, ஸ்ரியறிங்கைக் கரைக்குக் கரை திருப்பி, மீண்டும் இரண்டு தடவை அடியுங்கள். 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மாரியில் வெள்ளத்துக்குள் ஓடியிருந்தால் அடுத்த நாளே. மாற்றும்போது இடது வலது பாகங்களைக் கலக்கக் கூடாது. ஒரு பக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி. இங்கிலாந்தில் இவை இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இலண்டனில் இருந்து வரும் உறவினரின் பெட்டியில் சொக்கிலேற்றுக்குக் கீழே இரண்டு ட்றனியனுக்கு இடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

வளைவில் எது உறுதி?

காய்ந்த வீதியில், நல்ல ரயரோடு என்றால் கொரோலா. ஆனால் அந்த ‘நல்ல’ என்ற சொல்லில் நிறைய அடங்கியிருக்கிறது.

மைனரின் முன்னால் முறுக்குத் தண்டு ஸ்பிறிங், பின்னால் பட்டை ஸ்பிறிங். வேகமாக வளைத்தால் முதலில் முன்பக்கம் அகலப் போகும், அது ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியும், காலை எடுத்தால் திரும்பி வரும். பள்ளம் நிறைந்த வளைவில்தான் பின் அச்சு துள்ளி ஒருபக்கம் போகும். பட்டைகளே அச்சைத் தாங்கவும் வேண்டும், முன்னுக்குப் பின் நகராமல் பிடிக்கவும் வேண்டும், இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்வதில் இந்தக் குறை. கைபோல் நீண்ட மைனரின் ஷொக்கில் ஒயில் வற்றியிருந்தால் இது இரட்டிப்பாகும். மேல் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, ஷொக் ஒயில் ஊற்றி, கையை முழு வீச்சுக்கு ஏற்றி இறக்கிக் காற்றை எடுக்க வேண்டும். முன் ஷொக்கின் கைதான் மேல் கையும் என்பதால், அதன் தண்டில் ஆட்டம் இருந்தால் ஒயில் ஊற்றிப் பயனில்லை, ஷொக்கையே மாற்ற வேண்டும்.

கேஈ70இல் பின் அச்சை நான்கு தண்டுகளும் குறுக்கே ஒரு தண்டும் பிடிக்கின்றன. கொயில் ஸ்பிறிங்குக்குத் தாங்கும் வேலை மட்டும். புஷ்கள் உயிரோடு இருந்தால் அச்சு சொன்ன இடத்தில் நிற்கும். குறுக்குத் தண்டின் புஷ் கிழிந்தால் வண்டி நாய் நடையாகப் போகும்: வேகத்தைக் கூட்டும்போது பின்பக்கம் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம். ஸ்ரியறிங்கில் பிழை என்று நினைத்து அதற்கே காசு கொட்டுகிறவர்கள் உண்டு. பத்து ரப்பர் புஷ்ஷையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். போல்ற்றுகளை வண்டி நிலத்தில், தன் பாரத்தில் நிற்கும்போது கடைசியாக இறுக்குங்கள். ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழியும்.

மழையில்?

இரண்டிலும் பின்பக்கம் வழுக்கும். முதல் மழையில் தூசியும் ஒயிலும் ஊறி வீதி சவர்க்காரமாக இருக்கும்போது இரண்டாம் கியரில் வளைத்துக்கொண்டே மிதிக்க வேண்டாம். மைனருக்கு அவ்வளவு வலு இல்லாதது அந்த நேரத்தில் ஒரு பாதுகாப்பு.

சோளகக் காற்றில் பாலத்தில் வண்டி இழுக்கிறது. சாதாரணமா?

பண்ணைப் பாலத்திலும் காரைநகர்த் தாம்போதியிலும் ஆனையிறவிலும் சோளகம் அடிக்கும்போது இரண்டு வண்டியும் தள்ளப்படும். மைனரில் உடனே திருத்தலாம், ஸ்ரியறிங் நேரடி. கேஈ70இல் ஆட்டம் இருந்தால் திருத்தியது கூடிப் போய் மறுபக்கம் இழுப்பதுபோல் இருக்கும். காற்றில்லாத நாளிலும் ஒரே பக்கம் இழுத்தால் காற்றைக் குறைசொல்லாமல் ரயர்க் காற்றையும் முன்சில்லு அமைப்பையும் பாருங்கள். மைனருக்கு இரு முன்சில்லுகளும் முன்னுக்குச் சற்றே குவிந்திருக்க வேண்டும், அளவு 3/32 அங்குலம், ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர்.

பிறேக்கில் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

கணக்கில் பாருங்கள். 70 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 19.4 மீற்றர். ஒரு வண்டி புவியீர்ப்பின் பாதி அளவு வேகக்குறைப்பைத் தந்தால் பிறேக் பிடித்த பிறகு 38 மீற்றர் போய் நிற்கும். அதே வண்டி பத்தில் ஏழு பங்கைத் தந்தால் 27 மீற்றர். சரிசெய்யப்படாத, ஒருபக்கம் இழுக்கும் ட்றம் பிறேக் முதல் கணக்கில்தான் வரும், நல்ல நிலையில் உள்ள முன் டிஸ்க் இரண்டாவதில். இடையில் உள்ள 11 மீற்றர் என்பது ஒரு பஸ்ஸின் நீளம். ஓட்டுநர் காலை மாற்ற எடுக்கும் ஒரு செக்கனில் போகும் 19 மீற்றர் இரண்டுக்கும் பொது.

மைனரில் நான்கிலும் ட்றம். 948இன் முன் ட்றம் 7 அங்குலம், 1098க்கு 8 அங்குலமாகப் பெருப்பித்தார்கள். மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்ரர் இல்லை, பிறேக் ஒயில் போகும் சுற்றுவழியும் ஒன்றே ஒன்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை, கைப்பிறேக் மட்டும் மிஞ்சும். கேஈ70க்கு முன்னால் டிஸ்க், மாஸ்ரர் சிலிண்டர் இரண்டு அறை. ஒரு சுற்றுப் போனாலும் மற்றது பிடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் வண்டியாகக் கொரோலாவைச் சொல்வோம்.

மைனரின் பிறேக்கை எப்படி நம்பத்தக்கதாக வைப்பது?

அதன் ஷூக்கள் தேயத் தேயத் தாமாக நெருங்கி வராது. 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கையால் கிட்டக் கொண்டுவர வேண்டும். ட்றம்மில் உள்ள ஓட்டையை அஜஸ்ரருக்கு நேரே திருப்பி, ஸ்குறூட்றைவரால் வலஞ்சுழியாகச் சில்லு பூட்டும்வரை சுற்றி, ஒரு பல்லுப் பின்னுக்கு விடுங்கள். முன்சில்லுக்கு இரண்டு அஜஸ்ரர், பின்சில்லுக்கு ஒன்று. முன்சில்லில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். இழுக்கும் மைனர்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணம்.

மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி தெரியும். அதைச் சுற்றி இருக்கும் மணலைத் தூரிகையால் எடுத்து, ஈரத் துணியால் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் ரப்பர் கீறி, சில கிழமையில் பெடல் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். வெள்ளத்தில் ஓடும் வண்டிக்கு அந்த இடம் முதலில் துருப்பிடிக்கும். டொட் 3 அல்லது டொட் 4 பிறேக் ஒயில்தான். ‘கொஞ்சம்தானே’ என்று எஞ்சின் ஒயில் விட்டால் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்து நான்கு சில்லும் பூட்டிக்கொள்ளும்.

டிஸ்க் போடலாமா?

போடலாம். மொறிஸ் மரினாவின் முன் டிஸ்க்கை மைனருக்கு மாற்றுவது பழகிய வேலை. அப்படிச் செய்தால் மாஸ்ரர் சிலிண்டருக்குள் ட்றம்முக்காக அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வையும் கவனிக்க வேண்டும். அது இருந்தால் டிஸ்க் விடாமல் உரசிச் சூடேறும். பழைய குழாய்களை அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க் மட்டும் போடுவது வீண்.

மைனரில் முதலாம் கியர் கரகரக்கிறது. கியர் பெட்டி போய்விட்டதா?

இல்லை. முதலாம் கியருக்குச் சிங்கிரோமெஷ், அதாவது கியர்களின் சுழல் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு, கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும். முதலாம் கியரில் அழுவதும் அதன் பிறவிக் குரல். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரத்தால்தான் யோசிக்க வேண்டும்.

மிதித்தவுடன் எஞ்சின் விக்கல் எடுக்கிறது.

மைனரில் முதலில் எஸ்யூ காபரேற்றரின் தலையில் உள்ள கறுப்பு மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மெல்லிய ஒயில், குழல் தண்டின் வாய்க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். வற்றியிருந்தால் பிஸ்ரன் சட்டென்று துள்ளி ஏறிக் காற்றுக் கூடி, விக்கல் வரும். இரண்டு கரண்டி ஒயிலில் தீரும் குறைக்குக் காபரேற்றரையே கழற்றுகிறார்கள்.

மத்தியான வெயிலில் நிறுத்தி எடுத்த பிறகு மட்டும் அணைந்தால் பெற்றோல் பம்பைக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் குழாயில் காற்று இழுக்கிறது அல்லது சூட்டில் பெற்றோல் ஆவியாகிறது. அடிக்கவே இல்லை என்றால் உள்ளே பொயின்ற் கருகியிருக்கும்.

கேஈ70இல் 60 வரை நன்றாக ஓடி அதன்பின் இழுக்கவில்லை என்றால், காபரேற்றரின் இரண்டாம் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். பிடித்துப்போன தண்டு, அல்லது வெடித்த வக்கியூம் குழாய்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு விடலாமா?

விடாதீர்கள். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படியும். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும். காய்ச்சி வடித்த நீர், இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைநீர், அதோடு கூலன்ற்.

படை பிடித்த மைனருக்கு, ஏறக்குறைய 5 லீற்றர் நீரில் 250 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து விட்டு, எஞ்சினை 20 நிமிடம் சூடாக ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். கொரோலாவுக்குப் பாதி அளவு, பாதி நேரம். அதன் ஹெட் அலுமினியம்.

அந்த அலுமினியம்தான் முக்கிய வித்தியாசம். மைனரின் வார்ப்பிரும்பு ஹெட் ஒருமுறை கொதித்தாலும் பிழைத்துவிடும். 4கே ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும். கஸ்கற் மாற்றும்போது நேர்மட்டம் வைத்து, 0.05 மில்லிமீற்றர் தகடு நுழைந்தால் ஹெட்டை லேத்துக்கு அனுப்புங்கள், அப்படியே பூட்டினால் திரும்பவும் ஊதும். மைனரில் சூட்டு மானி கிடையாது, ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது தீர்வல்ல.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்றால் வாங்கலாமா?

1990களில் பெற்றோல் வராத காலத்தில் இங்கே வண்டிகள் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின. மைனர் என்றால் அந்தக் காலத்தைக் கடந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் சிலிண்டர் சுவரும் பெயாரிங்கும் தேயும். பிறகு யாரும் எஞ்சினை இறக்கிச் செய்திருந்தால் பயமில்லை.

அறிய ஒரே வழி கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம் பார்ப்பது. சூடான எஞ்சின், நான்கு பிளக்கும் வெளியே, அக்சிலேற்றர் முழுதாக மிதித்தபடி. நான்குக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கவும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கஸ்கற்.

ஈயம் இல்லாத பெற்றோல் மைனரைக் கெடுக்குமா?

மெல்ல மெல்ல. அந்த ஹெட்டில் வால்வ் அமரும் இடம் வார்ப்பிரும்பே. ஈயம் இருந்த காலத்தில் அது மெத்தை மாதிரி வேலை செய்தது. இப்போது எக்சோஸ்ற் வால்வ் இருக்கையைத் தின்று உள்ளே இறங்கும், அதனால் ரப்பற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, தானாகக் குறையும். ஆறிய எஞ்சினில் 0.012 அங்குலம் வைத்து, 5,000 கிலோமீற்றரில் பாருங்கள். எக்சோஸ்ற்றில் மட்டும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி குறைந்திருந்தால் நான்கு உறுதியான இருக்கை வளையம் போட லேத்துக்குக் கொடுங்கள். ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, 40 இறாத்தல்-அடி.

4கேயின் அலுமினிய ஹெட்டில் பிறப்பிலேயே வளையம் உண்டு. சூடான எஞ்சினில் இன்லெற் 0.20, எக்சோஸ்ற் 0.30 மில்லிமீற்றர். இரண்டுக்கும் 92 ஒக்ரேன் போதும், 95 விட்டால் வேகம் கூடாது.

துரு எங்கே பார்ப்பது?

மைனரில் பளபளக்கும் பெயின்ற்றைப் பார்க்காமல் கீழே படுங்கள். பின் பட்டை ஸ்பிறிங் உடம்போடு சேரும் இடம், முறுக்குத் தண்டின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இரு கரை, கதவுக்குக் கீழுள்ள பெட்டி. ஸ்குறூட்றைவரால் குத்தினால் நொறுங்கும் இடத்தில் பட்டி மட்டும் பூசியிருப்பார்கள். சட்டம் இளகிய மைனர் எவ்வளவு கிறீஸ் அடித்தாலும் நேரே ஓடாது. கேஈ70இல் பொனற்றுக்குக் கீழே முன் ஸ்ரட் தலை பூட்டியிருக்கும் வட்டம், முன் கண்ணாடியின் கீழ் ஓரம், பின் மட்காட்டின் உள்பக்கம். ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கத்து வண்டி என்றால் கூடுதல் நேரம் எடுத்துப் பாருங்கள்.

மைனருக்கு என்ன ரயர் போடுவது?

அதன் அளவு 5.20-14. ரேடியலில் 155/80 ஆர்14 அல்லது 145/80 ஆர்14 பொருந்தும். கடையில் சுலபமாகக் கிடைப்பது 165/65 ஆர்14, அதையே போட்டுக் கொடுப்பார்கள். அதன் விட்டம் ஏறக்குறைய ஏழு வீதம் குறைவு. எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும், வேகமானி கூட்டிக் காட்டும், ஏற்கெனவே தாழ்வான கியர் இன்னும் தாழும். ரேடியலுக்கு 24 இலிருந்து 26 இறாத்தல் காற்று. 32 அடித்தால் முன்பக்கம் கல்லுப்போல் துள்ளி, ட்றனியனுக்கும் அடி விழும். கேஈ70க்கு 155/80 ஆர்13 எங்கும் கிடைக்கும்.

எல்ஈடி லயிற், ரேடியோ போட்டேன், உடனே எரிந்துவிட்டது. ஏன்?

மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும், இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். டைனமோவும் 22 அம்பியருக்கு மேல் தராது, இரவில் ஹெட்லயிற்றோடு வேறு எதையும் தாங்காது. ஒல்ரர்நேற்றருக்கு மாற்றும்போது மறைமுனையை உடம்புக்கு மாற்றி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். வண்டியில் ஏற்கெனவே யாரும் மாற்றியிருக்கிறார்களா என்று பற்றறி வயரைப் பின்தொடர்ந்து பார்த்த பிறகே புதிய பற்றறியைப் பூட்டுங்கள்.